தேரைச் சுற்றிய கூட்டம்



தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில், பினாங்கில், பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். 1894-லிருந்து ஓடும் தேர். தண்ணீர்மலைப் பக்கம் செட்டியார் கோவிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டு. வேகமாகப் போகவா முடியும்?

எனக்குத் தேரைவிட அதைச் சுற்றியுள்ள கூட்டத்தின் மேல்தான் கண். பின்னாலிருந்து விறுவிறுவென்று வருகிறவர், தேரை நெருங்கியதும் வேகம் குறைந்து, தோளோடு தோள் இடிபட்டு, கும்பிட்டு முடித்து முன்பக்கமாக வெளியேறிவிடுவார். அரைமணி கழித்துப் பார்த்தால் அதே நெரிசல், ஆட்கள் வேறு. வானத்தில் சுருள் வடிவ விண்மீன் மண்டலங்களின் கைகளும் இந்தச் சங்கதிதான்.

1845-இல் அயர்லாந்தின் ராஸ் பிரபு, ஆறடிக் குறுக்களவுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கியில் எம்51 என்னும் மங்கலான ஒளித்திட்டைப் பார்த்தார். அது நீர்ச்சுழிபோல வளைந்து தெரிந்தது. வரைந்து வைத்தார். ஏன் அப்படி வளைந்தது என்பதற்கு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

கோப்பியில் பாலை விட்டுக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினால் அழகான சுருள் விழும். நாலாவது சுற்றில் காணாமல் போகும். மண்டலங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். நம் சூரியன் பால்வழியின் மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 23 கோடி ஆண்டு. பாதித் தூரத்தில் உள்ள நட்சத்திரமும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடுகிறது, ஆனால் அதன் பாதை பாதி நீளம்தான். நாம் ஒரு சுற்று முடிப்பதற்குள் அது இரண்டு முடித்துவிடும். சூரியன் பிறந்து 460 கோடி ஆண்டாகிறது, இருபது சுற்று. குறிப்பிட்ட நட்சத்திரங்களைக் கோத்துக் கட்டியதுதான் கை என்றால், இந்நேரம் நூற்கண்டாக இறுகியிருக்கும்.

சுவீடன் வானியலாளர் பெர்டில் லிண்ட்பிளாட் இந்த முடிச்சோடு வெகுகாலம் மல்லுக்கட்டினார். 1964-இல் அமெரிக்காவில் சி. சி. லின், ஃபிராங்க் ஷூ இருவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: கை என்பது ஒரு நெரிசல் அலை. அது தன் போக்கில் மெல்ல நகர்கிறது. நட்சத்திரங்கள் உள்ளே வந்து, சற்றுத் தாமதித்து, வெளியே போகின்றன.

தேர் வரும் வழியில் தேங்காய் மலையாகக் குவிந்திருக்குமே! நம்மவரோடு சீனர்களும் நின்று உடைப்பார்கள். தார்ச்சாலையில் தேங்காய்த் தண்ணீர் ஓடும். தேர் நெருங்கும்போதுதான் உடைப்பு. கைகளிலும் அதே கதை. வாயு மேகங்கள் நெரிசலுக்குள் புகுந்து நசுங்கும்போது புது நட்சத்திரங்கள் பற்றிக்கொள்கின்றன. அவற்றில் மிகப் பெரிய நீல நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரிந்து தீரும். கையைத் தாண்டிப் போக ஆயுள் பத்தாது. கை பளீரென்று தெரிவது அவற்றால்தான். பழைய நட்சத்திரங்களை மட்டும் எண்ணினால், கைக்கும் இடைவெளிக்கும் வித்தியாசம் அவ்வளவு பெரிதில்லை.

என் உவமை ஓரிடத்தில் உடையும். வானத்தில் தேர் கிடையாது. நெரிசலின் கூடுதல் ஈர்ப்பே அடுத்து வரும் நட்சத்திரங்களை இழுத்துப் பிடிக்கிறது. கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் கூடுகிற மாதிரி. கூடியது எவ்வளவு காலம் நிற்கும் என்பதில் வானியலாளர்களுக்குள் சண்டை இன்னும் ஓயவில்லை. கணினியில் ஓட்டிப் பார்த்தால், கைகள் பல தடவை சில சுற்றுகளில் கலைந்து வேறிடத்தில் முளைக்கின்றன. எம்51-க்கோ பக்கத்திலேயே ஒரு சின்ன மண்டலம் நின்று இழுக்கிறது. அதன் இரண்டு கைகளும் அத்தனை திருத்தமாக இருப்பதற்கு அந்த இழுப்புதான் காரணம் என்பது பலர் கருத்து.

மே மாதம், மேகமில்லாத இரவு, பதினொரு மணி வாக்கில் பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் வடக்கே பார்த்து நில்லுங்கள். சப்தரிஷி நட்சத்திரங்களின் வால்முனைக்குச் சற்றுத் தள்ளி எம்51 இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு எட்டாது, சின்னத் தொலைநோக்கியில் புகைக்கறைபோலத் தெரியும். அந்த ஒளி கிளம்பி இரண்டு கோடி ஆண்டுக்கு மேலாகிறது. அன்று அங்கே எரிந்த மிகப் பெரிய நீல நட்சத்திரங்கள் இந்நேரம் அணைந்திருக்கும். அந்த நெரிசலில் இப்போது வேறு ஆட்கள்.