நாணற் படுகையும் மருந்து கலந்த கழிவுநீரும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



ஊர்ச் சாக்கடை நீரை நேரே ஏரியில் விடாமல், நாணலும் கல்வாழையும் நட்ட ஜல்லிப் படுகையின் வழியே செலுத்தித் தூய்மை செய்யும் முறை இன்று பல ஊர்களிலும் பேசப்படுகின்றது. படுகை அமைக்க முன்வரும் ஊரார் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "ஆஸ்பத்திரித் தண்ணீரையும் அதில் விடலாமா?" என்பதே அது. இதற்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது.

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலிலேயே கரைந்து மறைவதில்லை. ஒரு பகுதி சிறுநீருடன் வெளியேறுகின்றது. கால்நடைக்குத் தரும் மருந்தும் அவ்வாறே. டைக்ளோஃபெனாக் என்னும் வலி நீக்கும் மருந்து தரப்பெற்ற மாடுகள் இறந்தபின், அவற்றின் ஊனைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்தன. அவ்வினம் பெரிதும் அழிந்த பின்னரே, 2006-ல் நம் நாட்டில் கால்நடைக்கென அம்மருந்து தயாரிப்பது தடை செய்யப்பட்டது. ஹைதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. மருந்துத் தொழிற்சாலைகள் பலவற்றின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளிவந்த நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்ஸசின் இருந்ததாக 2007-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அம்மருந்தை உட்கொள்ளும் நோயாளியின் இரத்தத்தில் காணும் அளவினும் இது மிகுதி. சுத்திகரித்த நீர் என்ற பெயரை மட்டும் கொண்டு நாம் மனநிறைவு அடைந்துவிடலாகாது.

இனிப் படுகைக்கு வருவோம். ஜெர்மனியில் கேத்தே சைடல் என்னும் அம்மையார் 1950-களில் நீர்க்கோரையைக் கொண்டு இத்துறை ஆராய்ச்சியைத் தொடங்கினார். செடியே அழுக்கை உறிஞ்சிவிடுகிறது எனப் பலரும் எண்ணுகின்றனர். செடியின் பங்கு சிறிது. பெரும்பணி செய்வோர் கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்களே. ஜல்லிக் கல்லைத் தொட்டால் வழுக்கும் ஒரு படலம் இருக்கும். அதுவே அவற்றின் குடியிருப்பு.

உழவர்க்கு இது புதிதன்று. சேறடித்த நெல் வயலில் மேலே மெல்லிய பழுப்பு அடுக்கும் கீழே கருஞ்சேறும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மேலடுக்கில் பிராணவாயு உண்டு, கீழே இல்லை. காற்றுள்ள இடத்தில் நைட்ரோசோமோனாஸ் போன்றவை அம்மோனியாவை மாற்றுகின்றன. காற்றில்லா ஆழத்தில் வேறு இனங்கள் நைட்ரேட்டை வாயுவாக்கி விண்ணில் விடுகின்றன. நீங்கள் இட்ட யூரியாவில் ஒரு பங்கு காணாமற் போவதும் இப்படித்தான்! வயலில் நமக்கு நட்டமாவது படுகையில் நமக்கு ஆதாயம்.

மருந்துப் பொருளை இவை உணவென்று தேடிச் செல்வது அரிது. அதன் அளவு அத்துணைக் குறைவு. வேறு உணவைச் செரிக்கும்போதே, அதே நொதிகளால் மருந்தின் அணுக்கட்டும் சிதைகின்றது. ஐபுப்ரூஃபெனையே உணவாகக் கொண்டு வாழவல்ல ஸ்பிங்கோமோனாஸ் இனம் ஒன்றும் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுள்ளது.

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனாவுக்கு அருகில் உள்ள லெஸ் ஃபிராங்கேசஸ் என்னும் ஊரில் நடந்த சோதனை நமக்கு மிகவும் பயன்படுவது. அதன் முடிவு 2005-ல் வெளியாயிற்று. இரண்டு நாணற் படுகைகளில், ஒன்றில் நீர் ஓரடி ஆழம். மற்றதில் ஒன்றரை அடிக்குச் சற்று மேல். இரண்டிலும் மருந்துகளைக் கலந்து விட்டனர். ஆழம் குறைந்த படுகையில் ஐபுப்ரூஃபெனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீங்கிற்று, ஆழமானதில் பாதியளவே. ஓரடிக்கும் குறைவான இவ்வேற்றுமை இவ்வளவு செய்யுமா என்று வியக்கத் தோன்றும். காற்று எட்டும் தொலைவைப் பொறுத்தே எந்தப் பாக்டீரியா தழைக்கும் என்பது முடிவாகின்றது. ஆயினும் வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின், இரண்டு படுகைகளையும் பெரிதும் குறையாமலே கடந்து சென்றது.

நிலத்தை மிச்சப்படுத்த எண்ணி, "அகலத்தைக் குறைத்து ஆழமாகத் தோண்டுவோம்" என்று கூறும் ஒப்பந்தக்காரர்களை நாம் கண்டிருக்கிறோம். அவ்யோசனைக்கு இணங்காதீர்கள். இடம் கிடைக்காவிடில், நீரை மேலிருந்து விட்டு விட்டுப் பாய்ச்சும் படுகையை அமைக்கலாம். ஒவ்வொரு முறை நீர் வடியும்போதும் காற்று உள்ளே இறங்கும்.

ஆஸ்பத்திரிக் கேள்விக்கு வருவோம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளியலறை, கழிப்பறை நீரை, வண்டல் தங்கும் தொட்டியில் தெளியவிட்டுப் படுகையில் சேர்க்கலாம். பரிசோதனைக்கூட இரசாயனக் கழிவை முன்னதாகவே தனியே சுத்திகரிக்க வேண்டுமென 2016-ம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் கூறுகின்றன. பிளீச்சிங் பவுடரையும் பினாயிலையும் வாளி வாளியாகக் கொட்டினால், நமக்காக உழைக்கும் பாக்டீரியாக்களே முதலில் மாளும். காலாவதியான மாத்திரைகளையும் மாட்டுக்குப் போட்டு எஞ்சிய ஆன்டிபயாடிக் ஊசி மருந்தையும் சாக்கடையில் ஊற்றலாகாது. ஆன்டிபயாடிக் இடைவிடாது வந்து சேரும் இடத்தில் அதற்கு அஞ்சாத கிருமிகளே மிஞ்சும். அவை அத்திறனைப் பிற கிருமிகளுக்கும் கொடுத்துவிடும். மருந்துத் தொழிற்சாலைக் கழிவை எந்த விலைக்கும் ஊர்ப் படுகையில் ஏற்காதீர்கள்.

படுகையைக் கடந்த நீரைத் தென்னைக்கும் தீவனப் புல்லுக்கும் பாய்ச்சலாம். பச்சையாக உண்ணும் கீரைக்கும் வெள்ளரிக்கும் வேண்டாம். குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் அதைத் தேக்குவதும் வேண்டாம். கார்பமசெபின் போன்றவை அந்நீரில் இன்னும் இருக்கக்கூடும்.