மதிப்பெண் போனது, கவனம் போகலாமா?

பெற்றோர்களே, 1988 முதல் நம் பிள்ளைகள் எழுதிவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. 7ஏ எடுத்த பிள்ளையின் படத்தை நாளேட்டில் தேடிய காலமும் முடிந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால், தேர்வு இல்லை என்றதும் சித்தியவானிலும் சிலர் புத்தகப் பையைத் திறப்பதையே விட்டுவிட்டார்கள்!

இப்போது ஆசிரியரே வகுப்பறையில் மதிப்பிட்டு, பாடத்திற்குப் பாடம் 1 முதல் 6 வரை அடைவுநிலை தருகிறார். 3 என்றால் திருப்தி. மலாய்மொழியில் 2 என்றிருந்தால் ஆறாம் ஆண்டு வரை காத்திருக்காதீர்கள். இடைநிலைப்பள்ளியில் வரலாறு, புவியியல் எல்லாம் மலாயில்தான். எஸ்.பி.எம். தேர்வில் மலாய் தவறினால் சான்றிதழே கிடையாது. தோட்ட வேலை, ஷிப்டு வேலை, நேரமில்லைதான். இருந்தாலும் அறிக்கையில் கையெழுத்திடுமுன் ஆசிரியரிடம் கேளுங்கள்: "சார், என் பிள்ளை வாசிப்பதில் தடுமாறுகிறானா, எழுதுவதிலா?"