சலவை இயந்திரமும் மன்னார்த் தண்ணீரும்



மன்னார்த் தீவிலே, பேசாலைப் பக்கத்தில் வாழும் குடும்பம் ஒன்று சலவை இயந்திரம் வாங்க எண்ணுகின்றது என்று வைத்துக்கொள்வோம். தந்தை கடற்றொழில் செய்பவர். தாய் இல்லத்தை நடத்துபவர். பிள்ளைகள் மூவரும் பாடசாலைக்குச் செல்பவர்கள். வளவிலே கிணறு ஒன்று உண்டு. மாதந்தோறும் தவணைப் பணம் கட்டிவிடலாம் என்று துணிந்து கடைக்குப் போகின்றார்கள். எத்தனை கிலோ வேண்டும், என்ன நிறம் வேண்டும், உலர்த்தும் இயந்திரமும் கூடவே எடுத்துக்கொள்கின்றீர்களா என்றெல்லாம் கடைக்காரர் வினவுகின்றார். ஆனால், முதலிலே கேட்கவேண்டிய கேள்வியை அவரும் கேட்பதில்லை. வாங்குவோரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ‘உங்கள் வீட்டுத் தண்ணீர் எத்தகையது?’ என்பதே அக்கேள்வி.

சலவை இயந்திரத்தை ஆடம்பரப் பொருள் என்று கருதுவாரும் உளர். கிணற்றடியிலே குந்தியிருந்து ஐந்து பேருடைய உடுப்புக்களைத் துவைக்கும் தாய்மார் அவ்வாறு கருதமாட்டார்கள். மீன்வாடை நீங்காத சாரங்களும், திங்கட்கிழமை காலையில் வெண்மையாக இருந்தாக வேண்டிய பாடசாலைச் சீருடைகளும் அவர்களுடைய வாழ்நாளில் எத்தனையோ மணித்தியாலங்களை விழுங்கிவிடுகின்றன. சுவீடன் நாட்டுப் பேராசிரியர் ஹான்ஸ் ரோஸ்லிங் 2010ஆம் ஆண்டிலே ஆற்றிய சொற்பொழிவு ஒன்றில், தம் வீட்டுக்கு முதன்முதலாகச் சலவை இயந்திரம் வந்த நாளை நினைவுகூர்ந்தார். துவைக்கும் பொழுது மிச்சமானபடியால் தம் தாயார் நூல்நிலையத்துக்குச் சென்று நூல்களை எடுத்துவந்து தமக்கு வாசித்துக் காட்டினார் என்று அவர் கூறினார். ஆகவே, தவணை முடியுமுன்னரே இயந்திரம் பழுதாகுமாயின், நட்டம் பணத்தோடு நிற்பதில்லை. மீட்ட பொழுதையும் அந்தத் தாய் மீண்டும் இழக்கின்றாள்.

இனி, நம் தண்ணீரைப் பற்றிப் பார்ப்போம். மன்னார்த் தீவு பெரும்பாலும் மணற்பாங்கான நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. நன்னீர் உப்புநீரிலும் பாரம் குறைந்ததாதலால் இவ்வாறு மிதக்க முடிகின்றது. கடல் மட்டத்துக்குமேல் ஒரு முழம் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது முழம் நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீரை ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறைத்து மேல்மட்டம் ஒரு முழம் தாழ்ந்தால், நாளடைவிலே அடியிலுள்ள உப்புநீர் பன்மடங்கு உயரத்துக்கு மேலேறி வருகின்றது. நேற்றுவரை நன்னீர் தந்த கிணறு உவர்க்கிணறாவது இப்படித்தான். பெருநிலப்பரப்பிலுள்ள முருங்கன் பகுதியின் நிலத்தடி நீரோவெனில், சுண்ணாம்புப் பாறையினூடாக ஊறிவருவதனாலே கடினத்தன்மை உடையது.

உவர்நீரும் கடினநீரும் இயந்திரத்துக்குச் செய்யும் தீங்குகள் வெவ்வேறானவை. கடினநீர் சவர்க்காரத்தை நுரைக்கவிடாது திரித்துவிடும். நீரைச் சூடாக்கும் கம்பியின்மேல் சுண்ணாம்பைப் படியச்செய்யும். உவர்நீர் உலோகத்தை அரிக்கும். துருப்பிடிக்காத உருக்கு என்று சொல்லி விற்கப்படும் உருளையிலுங்கூட, உப்பு மிகுந்த நீர் நெடுநாள் பட்டால் சிறு சிறு குழிகள் விழும். முன்புறக் கதவுள்ள இயந்திரங்களில் உருளையைப் பின்னாலிருந்து தாங்கும் மூன்று கைகளையுடைய பாகம் பெரும்பாலும் அலுமினியக் கலப்பினால் வார்க்கப்படுவது. அஃது அரிக்கப்பட்டு முறியுமாயின், பழுது பார்க்கும் செலவு புதியதொன்று வாங்கும் செலவை நெருங்கிவிடும்.

ஆதலால், கடைக்குப் போகுமுன் வீட்டிலே இரண்டு சோதனைகள் செய்துகொள்ளுங்கள். ஒரு போத்தலிலே பாதியளவு தண்ணீர் எடுத்து, சவர்க்காரக் கட்டியிலிருந்து சிறிது சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். நுரை பொங்கி நின்றால் மென்னீர். நுரையாமல் தயிர்போலத் திரிந்தால் கடினநீர். அடுத்து, கறுப்புத் தட்டிலே ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். தடித்த வெண்படை எஞ்சுமாயின் தண்ணீரிலே உப்போ சுண்ணாம்போ மிகுதி. அவற்றுள் எது மிகுதி என்பதை நாவே சொல்லிவிடும். இச்சோதனைகளைக் கோடையின் கடைசியிலே, கிணறு வற்றியிருக்கும் காலத்திலே செய்தல் நன்று. மாரிக்குப் பின் எல்லாக் கிணறும் நல்ல கிணறே.

சோதனையின் முடிவு இன்ன இயந்திரம் வேண்டும் என்பதைக் காட்டிவிடும். சலவை இயந்திரங்கள் மூவகைப்படும். முதலாவது, துவைக்கும் தொட்டியும் சுழற்றிப் பிழியும் தொட்டியும் தனித்தனியே அமைந்த இரட்டைத் தொட்டி இயந்திரம். இரண்டாவது, மேலே மூடியுள்ள முழுத் தானியங்கி. மூன்றாவது, முன்புறக் கதவுள்ள தானியங்கி. இவற்றுள் மூன்றாவது வகையே தண்ணீரை மிகக் குறைவாகச் செலவழிப்பது. ஏழு கிலோ உடுப்புக்கு 50 அல்லது 60 லீற்றர் போதும். மேல்மூடித் தானியங்கிக்கு 100 லீற்றருக்கு மேலும் வேண்டியிருக்கும். எனினும், முன்கதவு இயந்திரம் மென்னீரையும், தடையற்ற மின்சாரத்தையும், போதிய நீரழுத்தத்தையும் எதிர்பார்க்கின்றது. பத்து மீற்றர் உயரமான நீர்த்தம்பமே ஒரு ‘பார்’ அழுத்தத்தைத் தரும். அரைப் பார் வேண்டும் என்று கைந்நூலிலே எழுதியிருந்தால், தண்ணீர்த் தாங்கி ஐந்து மீற்றர் உயரத்தில் நிற்கவேண்டும். கூரையளவு உயரத்திலுள்ள தாங்கி அதற்குப் போதாது.

கிணறு உவராக உள்ள வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இரட்டைத் தொட்டி இயந்திரத்தையே. அதன் உடலும் தொட்டியும் பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனவை; உப்புக்காற்றிலே துருவேறுவதற்கு அங்கே இடம் குறைவு. வாளியால் ஊற்றியும் நிரப்பலாம். வெள்ளை உடுப்புக்குப் பயன்படுத்திய நுரைநீரிலேயே நிற உடுப்புக்களையும், அதன்பின் சாரங்களையும் துவைத்துக் கொள்ளலாம். நடுவிலே மின்சாரம் நின்றாலும் உடுப்பைக் கையால் எடுத்து அலசி முடித்துவிடலாம். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலே நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நிலவியதை நாம் மறப்பதற்கில்லை. நல்ல குழாய்நீர் ஒழுங்காகக் கிடைக்கும் இல்லத்தார் மேல்மூடித் தானியங்கியைத் தயங்காது வாங்கலாம்.

அடுத்தது உலர்த்தும் இயந்திரம். ஒரு லீற்றர் நீரை ஆவியாக்குவதற்கு முக்கால் அலகுக்குச் சற்றுக் குறைந்த மின்சாரம் வேண்டும். ஐந்து கிலோ உடுப்பைச் சுழற்றிப் பிழிந்த பின்னரும் அதிலே மூன்று லீற்றர் அளவு நீர் தங்கியிருக்கும். ஆகவே, சாதாரண உலர்த்தி ஒரு தடவைக்கு இரண்டு அலகுக்கு மேல் கொள்ளும். மன்னாரோ இத்தீவின் மிக வரண்ட பகுதிகளுள் ஒன்று. மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் திசெம்பர் வரையிலேயே பெய்கின்றது. மே மாதம் தொடங்கி வீசும் சோளகக் காற்று கொடியிலிட்ட உடுப்பைச் சிறிது நேரத்திலே காயவைத்துவிடுகின்றது. அதே காற்றைக் கொண்டு மின்சாரம் எடுப்பதற்கே, தீவின் தென்கரையிலே 30 காற்றாடிகளை உடைய தம்பபவனி மின்னிலையம் 2020 திசெம்பரிலே திறந்துவைக்கப்பட்டது. அதன் ஆற்றல் 103.5 மெகாவாற்று. வளவிலே இலவசமாக வீசுங் காற்றை விட்டுவிட்டு, அது மின்சாரமாகிக் கம்பி வழியே வந்தபின் காசு கொடுத்து வாங்கி உடுப்புலர்த்துவானேன்? மாரிகாலத்துக்கு, பிழியும் தொட்டியும் விறாந்தையிலே கட்டிய ஒரு கொடியும் போதும்.

‘பகலிலே காய்ந்த உடுப்பு இரவிலே ஈரமாகின்றதே, அதற்காவது உலர்த்தி வேண்டாவா?’ என்று சிலர் கேட்பர். அது துணியிலே தங்கிய உப்பின் வேலை. காற்றிலே ஈரப்பதன் ஏறியதும் உப்பு அதனை உறிஞ்சுகின்றது. உப்பை வைத்துக்கொண்டு எத்தனை முறை உலர்த்தினாலும் பயனில்லை. துவைப்பதும் முதல் அலசலும் கிணற்றுநீரிலே நடக்கட்டும்; கடைசி அலசலை மாத்திரம் சேமித்த மழைநீரிலோ நல்ல குழாய்நீரிலோ செய்யுங்கள். இரண்டு மூன்று வாளி போதும். உடுப்பும் காயும், அந்தக் கடைசி நீர் இயந்திரத்தையும் கழுவிவிடும்.

கடையிலே கேட்கவேண்டியவை இன்னும் சில உள. பழுது பார்ப்பவர் மன்னாருக்கு வருவாரா, அல்லது இயந்திரத்தை வவுனியாவுக்கோ கொழும்புக்கோ ஏற்றவேண்டுமா? உதிரிப்பாகம் இருப்பிலே உண்டா? உத்தரவாதம் மோட்டாருக்கு மாத்திரமா, முழு இயந்திரத்துக்குமா? உவர்நீரால் வரும் பழுதை அது விலக்குகின்றதா? இவற்றுக்கு எழுத்திலே விடை பெற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் நிலத்தொடுப்புச் சரியாக உள்ளதா என மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பியுங்கள். ஈரக்கையோடு தொடும் பொருளுக்கு அஃது இன்றியமையாதது. கடல் மணலை உதறிய பின்னரே உடுப்பை உள்ளே இடுங்கள். நீர் புகும் வாயிலுள்ள சிறு வடியைத் திங்களுக்கொரு முறை கழுவுங்கள்.

இறுதியாக ஒன்று. வாளியால் அள்ளிய காலத்திலே கிணற்றுக்கு ஓய்வு கிடைத்தது. மின்பம்பியும் சலவை இயந்திரமும் சேர்ந்துகொண்டால் அவ்வோய்வு குறைகின்றது. நம் வீட்டுக் கிணறும் அயல்வீட்டுக் கிணறும் குடிப்பது ஒரே நன்னீர்ப் படையை. எனவே, நாள்தோறும் சிறிது சிறிதாகத் துவைக்காமல், இயந்திரம் கொள்ளுமளவு உடுப்புச் சேர்ந்தபின் துவையுங்கள். அலசிய நீரைத் தென்னைக்கு விடுவதாயின், உப்பும் சவர்க்காரமும் குறைந்த கடைசி நீரை விடுங்கள். தண்ணீரை அறிந்து இயந்திரத்தைத் தேர்ந்து, அளவறிந்து இயக்கினால், தாய்க்கு ஓய்வும் கிடைக்கும். கிணறும் இனிப்பாகவே இருக்கும்.