கறவைப் பொறியும் கணக்கேடும்



பால் கறக்கும் பொறி ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்னும் கேள்வி இன்று பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லைச் சிற்றூர்களில் பல வீடுகளில் எழுகின்றது. விலை என்ன என்று கேட்போர் பலர். வாங்கிய பின் மாதந்தோறும் அது என்ன செலவு வைக்கும், பழுதுற்ற நாளில் யார் வந்து பார்ப்பார் என்று கேட்போர் சிலரே. அவ்விரு கேள்விகளையே இன்று நாம் ஆராய்வோம்.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லை வகுக்கப்பட்டதே அன்றி, இரு புறத்து மக்களின் வாழ்க்கை முறை வேறாகிவிடவில்லை. ரப்பர், தென்னை, வாழை, மரச்சீனி ஆகியவற்றுக்கு இடையே சிறு வீடு. வீட்டின் பின்புறம் தொழுவம். தொழுவத்தில் இரண்டோ மூன்றோ பசுக்கள். சில வீடுகளில் எட்டு, பத்து இருக்கக்கூடும். இதுவே இப்பகுதியின் பால் தொழில்.

இத்தொழுவங்களில் கறவைப் பொறிக்கு இடம் ஏற்பட்டது எவ்வாறு? கேரளத்தின் பழைய மாடுகள் சிற்றுருவின; பாலும் சிறிதே. வைக்கம் அருகிலுள்ள வெச்சூர்ப் பசு நாளொன்றுக்கு இரண்டு, மூன்று லிட்டர் தந்தால் போதும் என்று வளர்க்கப்பட்டது. 1963ஆம் ஆண்டு மூணாற்றை அடுத்த மாட்டுப்பெட்டியில் இந்திய, சுவிட்சர்லாந்துக் கூட்டுத் திட்டம் தொடங்கிற்று. அயல்நாட்டுக் காளைகளின் வழியே கலப்பினம் பெருகி, சுனந்தினி என்னும் இனம் உருவாயிற்று. 1980இல் அமைந்த கேரளக் கூட்டுறவுப் பால் விற்பனை இணையம், அதாவது மில்மா, சிற்றூர்ப் பாலுக்கு நிலையான சந்தையை அளித்தது. பால் பெருகியபோது கறக்கும் உழைப்பும் பெருகிற்று. இரண்டு லிட்டர் கறக்கும் கை பன்னிரண்டு லிட்டரை எளிதில் கறந்துவிடாது.

இதனோடு மற்றொரு நெருக்கடியும் சேர்ந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேளை விடியற்காலை. பசுவிடம் பால் கறக்கும் வேளையும் அதுவே. கைத்தேர்ச்சியுடைய ஆட்கள் ஒரே நேரத்தில் இரு வேலைகளுக்கும் கிடைப்பதில்லை. இளைஞர்களோ வளைகுடா நாடுகளையும் நகரங்களையும் நாடிச் சென்றுவிட்டனர். இறுதியில் தொழுவத்தில் எஞ்சி நிற்பவர்கள் வீட்டுப் பெண்களும் முதியவர்களுமே. அவர்களுடைய விரல் மூட்டுகளின் வலி எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. பொறி வேண்டும் என்ற விருப்பம் சோம்பலால் பிறந்ததன்று என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

பொறிகளில் இரு வகைகளைப் பிரித்தறிவது நன்று. ஒன்று, மனிதக் கை சிறிதும் வேண்டாத தானியங்கிக் கறவைப் பொறி. 1992ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டின் பண்ணைகளில் இது நடைமுறைக்கு வந்தது. பசு தானாகவே தீவனத்தை நாடிப் பெட்டிக்குள் நுழைகின்றது. அதன் கழுத்தில் உள்ள அடையாளக் கருவி இது எந்தப் பசு என்பதை உணர்த்துகின்றது. ஒளிக்கதிரும் நிழற்படக் கருவியும் காம்புகளின் இடத்தைக் கண்டுகொள்ள, இயந்திரக் கை காம்புகளைத் துடைத்துக் கிண்ணங்களைப் பொருத்துகின்றது. பாலின் மின்கடத்தும் தன்மையைக் கொண்டு மடிநோயின் தொடக்கத்தையும் அது ஒருவாறு சுட்டிக்காட்டும். வியக்கத்தக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

ஆனால் அத்தகைய பொறி ஒன்று ஏறத்தாழ அறுபது பசுக்களுக்கென அமைக்கப்படுவது. விலையோ ஒரு லட்சம் யூரோவை ஒட்டியோ மிஞ்சியோ நிற்பது. பாறசாலையின் கணக்கில் அறுபது பசுக்கள் என்றால் இருபது முப்பது வீடுகளின் பசுக்கள். அவை வெவ்வேறு தொழுவங்களில், நடுவே சாலையும் வேலியும் இருக்க, நினைத்த நேரத்தில் தாமே நடந்து சென்று கறவைக்கு நிற்கப் போவதில்லை. அன்றியும், அப்பொறிக்கு இருபத்து நான்கு மணி நேரமும் மின்சாரமும் நீரும் வேண்டும். நள்ளிரவில் அது நின்றுவிட்டால் அழைப்பு ஒலிக்கும். உடனே நிபுணர் வரவேண்டும். ஏனெனில் அறுபது பசுக்களையும் கையால் கறக்க அப்பண்ணையில் ஆள் இருப்பதில்லை. ஆளில்லாமைக்காகத்தானே பொறி வாங்கப்பட்டது! ஆகவே அங்கே பராமரிப்பு ஒப்பந்தம் என்பது விருப்பச் செலவன்று. தீவனம் போன்ற கட்டாயச் செலவு.

நமக்கு உரியது இரண்டாவது வகை: ஒரு மோட்டார், காற்றை வெளியேற்றும் பம்பு, பால் வாளி, நான்கு கிண்ணங்கள் ஆகியவை கொண்ட சிறு பொறி. இதன் உயிர்நிலை துடிப்பு. காம்பை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் இரத்தம் தேங்கிப் புண்ணாகும். ஆதலின் உறிஞ்சலும் ஓய்வும் மாறி மாறி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முறை நிகழவேண்டும். அவ்வேலையைச் செய்வது பல்சேட்டர் என்னும் உறுப்பு. 1895ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் இத்துடிப்பு முறை கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே கறவைப் பொறி பசுவுக்குத் தாங்கத்தக்கதாயிற்று.

எட்டுப் பசுக்கள் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பசுவுக்கு ஆறு நிமிடமாக, நாளுக்கு இருமுறை கறந்தால், அச்சிறு உறுப்பு நாளொன்றுக்கு 5,760 முறையும், ஆண்டொன்றுக்கு 21 லட்சம் முறைக்கு மேலும் துடிக்கின்றது. இவ்வளவு உழைக்கும் உறுப்பு தேயாமல் இருக்குமா? காம்பைத் தழுவி நிற்கும் ரப்பர் உறையான லைனரை ஏறத்தாழ 2,500 கறவைகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது பொதுவான விதி. எட்டுப் பசுக்களுக்கு நாளுக்குப் பதினாறு கறவை. ஆகவே ஐந்து மாதத்துக்கு ஒருமுறை புதிய லைனர் தேவை. இரண்டு பசுக்களே உள்ள வீட்டில் கறவைக் கணக்கின்படி அது நெடுநாள் வரும்போல் தோன்றும். ஆனால் பாலின் கொழுப்பும் கழுவும் காரமும் நமது ஊரின் ஈரமும் சேர்ந்து ரப்பரை முன்னதாகவே கெடுத்துவிடும்.

இனிச் செலவைப் பார்ப்போம். கீழ்வரும் தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊரின் விலைகளை அவற்றின் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்க. பொறியின் விலை 60,000 ரூபாய் என்றும், ஆயுள் பத்தாண்டு என்றும் கொண்டால், மாதத் தேய்மானம் 500 ரூபாய். நாளுக்கு இரண்டு யூனிட் மின்சாரம், யூனிட் 7 ரூபாய் எனின், மாதம் 420 ரூபாய். லைனர், குழாய், பம்புக்கு எண்ணெய், கழுவும் மருந்து, வெந்நீர் ஆகியவற்றுக்கு மாதம் 1,000 ரூபாய். ஆகக் கூடுதல் 1,920 ரூபாய். எட்டுப் பசுக்கள் சராசரி எட்டு லிட்டர் கறந்தால் மாதத்துக்கு 1,920 லிட்டர். லிட்டருக்கு ஒரு ரூபாய்ச் செலவு.

இதே பொறி இரண்டு பசுக்கள் உள்ள வீட்டில் இருந்தால்? மின்சாரம் குறையும், தேய்மானம் குறையாது, கழுவும் செலவும் ரப்பரின் செலவும் சிறிதே குறையும். மின்சாரம் 105, தேய்மானம் 500, மற்றவை 700 எனின், மொத்தம் 1,305 ரூபாய். பாலோ 480 லிட்டர்தான். லிட்டருக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 70 காசு ஆகின்றது. மானியம் கிடைத்தால் தேய்மானம் குறையும் என்பது உண்மையே. எனினும் மானியம் வாங்கும் நாளில் மட்டும் துணை நிற்பது. கழுவுவதற்கும் மாற்றுவதற்கும் அது துணை வருவதில்லை.

கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு, அதுவே பெரியது. வெடித்த லைனரையும் தளர்ந்த துடிப்பையும் கண்டும் காணாமல் விட்டால், காம்பின் நுனி புண்ணாகி மடிநோய் வருகின்றது. மருந்து கொடுத்த பசுவின் பாலைக் குறித்த நாட்கள் வரை விற்கலாகாது. எட்டு லிட்டர் கறக்கும் ஒரு பசுவின் பால் ஏழு நாள் வீணானால் 56 லிட்டர். லிட்டர் 45 ரூபாய் என்றால் 2,520 ரூபாய் இழப்பு. எட்டுப் பசுக்களுக்கும் பொறி வைத்த மாதச் செலவைவிட இது மிகுதி அன்றோ? நோய் முற்றி ஒரு காம்பு அடைபட்டுப் போனால் அப்பசுவின் விலையே இறங்கிவிடும். லைனரில் மிச்சம் பிடிப்பவர் பசுவில் இழக்கின்றார்.

அடுத்து நம்பகத்தன்மை. ஒரு பொறி நம்பத்தக்கதா என்பது அது எத்தனை முறை பழுதாகின்றது என்பதை மட்டும் பொறுத்ததன்று. பழுதான அன்று நாம் என்ன ஆகிறோம் என்பதையும் பொறுத்தது. துலா மாதத்து இடிமழை இப்பகுதியினர் நன்கறிந்தது. மாலையில் மின்னல் வெட்டும், மின்சாரம் போகும், சில வேளை மோட்டாரின் சுருளும் கருகிப்போகும். பால் சங்கத்தின் வண்டியோ குறித்த நேரத்தில் வந்து போய்விடும். அது போனபின் கறந்த பால், குளிரூட்டும் வசதியற்ற வீட்டில் சில மணி நேரத்தில் திரியத் தொடங்கும். கறக்காமல் விட்ட பசுவுக்கோ மடி கனத்து வேதனை.

ஆகவே மூன்று காப்புகள் வேண்டும். இடி முழங்கும்போது மின்தொடர்பைத் துண்டிக்கும் பழக்கம் முதலாவது. மின்சாரம் இல்லாதபோதும் பம்பை இயக்க ஒரு சிறு எஞ்சினோ கையால் இயக்கும் வசதியோ இரண்டாவது. மூன்றாவதே தலையாயது: கையால் கறக்கும் திறமையை வீட்டில் ஒருவரேனும் மறவாதிருத்தல். அத்திறமை இருக்கும்வரை பொறியின் பழுது ஒரு நாள் தொல்லை. அது மறைந்துவிட்டால் அதே பழுது பெருந்துன்பம்.

பழுது பார்ப்பவர் எங்கே இருக்கின்றார் என்பதும் வாங்குமுன் கேட்கவேண்டிய கேள்வி. பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நாகர்கோவில் அதைவிடச் சற்றுத் தொலைவு. இரு நகரங்களும் அருகில் இருப்பது எல்லைச் சிற்றூருக்கு வாய்ப்பும் ஆகலாம். இருவருமே அது மற்றவர் எல்லை என்று கைவிடும் இக்கட்டும் ஆகலாம். விற்பவர் எத்தனை மணி நேரத்தில் ஆள் அனுப்புவார், உதிரி உறுப்புகள் கையிருப்பில் உள்ளனவா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வது அறிவுடைமை.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ளவன் என்ற முறையில் இன்னுமொன்று சொல்ல விரும்புகின்றேன். பொறியோடு வரும் கையேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. அதைப் பிரித்துப் படிப்பவர் யார்? தொழுவத்தில் நிற்பவரோ தமிழோ மலையாளமோ மட்டும் படிக்கத் தெரிந்த இல்லத்தரசி. பம்பின் மானியில் முள் 13 முதல் 15 அங்குலப் பாதரச அளவுக்குள் நிற்கவேண்டும். முதலில் குளிர்ந்த நீர், பின்னர் காரம் கலந்த வெந்நீர், இறுதியில் தூய நீர் என்ற வரிசையில் கழுவவேண்டும். பால் நின்றவுடன் கிண்ணத்தைக் கழற்றவேண்டும். இந்த நான்கு வரிகள் தெரியாமையால் கெடும் பசுக்களுக்குப் பொறியைப் பழிப்பது முறையன்று. தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ள 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டம் இடமளித்துள்ளது. மனு எழுதுவதற்கு உள்ள அவ்வசதி, மானியத்தில் வழங்கும் பொறியின் கையேட்டுக்கும் நீள்வது பொருத்தமே. அவ்வாறு எழுதும்போது லைனரை லைனர் என்றே எழுதுக. உள்ளுறை என்று அழகாக மொழிபெயர்த்துவிட்டால், கடைக்குச் சென்று கேட்பவர் வெறுங்கையோடு திரும்புவார்.

முடிவாகச் சொல்வேன். இரண்டு பசுக்கள் உள்ளவர் தனியே பொறி வாங்குவதைவிட, அண்டை வீடுகள் சில சேர்ந்து ஒன்றை வாங்குவது சிக்கனம். ஆனால் வீட்டுக்கு வீடு நோய் பரவாதபடி ஒவ்வொரு பசுவுக்குப் பின்னும் கிண்ணங்களைத் தூய்மை செய்வது இன்றியமையாதது. எட்டும் பத்தும் வைத்திருப்பவர் துணிந்து வாங்கலாம். பால் சங்கம் ஒவ்வொன்றும் ஊரிலேயே ஓர் இளைஞரையோ இளம்பெண்ணையோ பழுது பார்க்கப் பயிற்றுவித்து, லைனரும் பல்சேட்டரும் கையிருப்பில் வைத்துக்கொண்டால், வரும் துலா மழையில் எந்தப் பசுவும் கறக்கப்படாமல் நிற்க நேராது. சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.