விழாவும் அதன் வரவு செலவும்
(வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒரு விழா நடந்தேறுகின்றது. மேடையிற் பேசியவரைச் சபை அறியும், பாடியவரை அறியும், மாலை சூட்டப்பெற்றவரையும் அறியும். மறுநாட் காலையில் பந்தற்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் காசு எண்ணிக் கொடுத்து, வாடகைக் கதிரைகளை ஏற்றி அனுப்பிவிட்டு, பற்றுச்சீட்டுகளைக் கட்டி எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறாரே ஒருவர், அவரை அறிந்தவர் சிலரே. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அவரைப் பற்றியது. அவரே விழாவின் முகாமையாளர்.

அவரைப் பொருளாளர் என்று மயங்குவோர் உளர். பொருளாளர் வந்த பணத்தைக் காத்துக் கணக்கு வைப்பவர். முகாமையாளரோ, பணம் வருமுன்னரே அது யாரிடமிருந்து வரும், எந்நாளில் வரும், வராதொழிந்தால் எதைக் குறைப்பது என்று சிந்திப்பவர். ஒப்பந்தம் பேசுவதும், அனுமதி பெறுவதும், நுழைவுச்சீட்டுக்கு விலை குறிப்பதும், முடிவிற் சபைக்குக் கணக்கை ஒப்புவிப்பதும் அவர் கடன்.

இத்தொழிலின் இலக்கணத்தை விளக்க ஒரு பெரிய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 1851 ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பூங்காவில் உலகப் பெருங் கண்காட்சி நடைபெற்றது. மே மாதம் 1 ஆந் திகதி தொடங்கி ஒக்டோபரில் முடிவுற்ற அதனைக் காண 60 இலட்சம் தடவைக்கு மேல் மக்கள் வாயிலைக் கடந்தனர். நமது இலங்கையின் பொருட்களும் அங்கே வைக்கப்பட்டிருந்தன. விக்டோரியா இராணியின் கணவர் அல்பேர்ட் இளவரசர் தலைமை தாங்கினார். ஹென்றி கோல் என்னும் அரசாங்க உத்தியோகத்தர் நிருவாகத்தில் முன்னின்று உழைத்தார். அரசாங்கப் பணத்தை நம்பாமல் நடத்துவதென்பது அவர்களின் தீர்மானம்.

முதலாவது, பணம் வரும் வழி. ஆரம்பத்தில் ஒப்பந்தக்காரர் சிலர், தாம் முதலிட்டு இலாபத்திற் பங்கு பெறுவதாக உடன்படிக்கை செய்தனர். பணக் கவலை தீர்ந்தது என்று இருந்திருக்கலாம். ஆயினும், பொதுநன்மைக்கு நடப்பதில் தனியார் இலாபம் பெறுவதா என்ற கண்டனம் எழவே, அவ்வுடன்படிக்கை நீக்கப்பட்டது. பின்னர், நட்டம் வந்தால் இவ்வளவு தருவோம் என்று வசதியுள்ளோர் பலர் கையொப்பமிட்டனர். அவ்வுத்தரவாதத்தின் பேரில் இங்கிலாந்து வங்கி கடன் வழங்கியது. பணம் தருபவர் பதிலுக்கு என்ன கேட்கிறார் என்பதை முகாமையாளர் முதலிற் பார்க்கவேண்டும். கடைக்காரரின் விளம்பரப் பலகை மேடையிலுள்ள சுவாமி படத்தை மறைக்குமானால், அந்த நன்கொடை மலிவானதன்று.

இரண்டாவது, ஒப்பந்தம். கட்டடத்துக்கென 245 திட்டங்கள் வந்தும் ஒன்றும் ஏற்கப்படவில்லை. தோட்டக் கலைஞரான ஜோசப் பக்ஸ்ரன் இரும்பும் கண்ணாடியுங் கொண்டு ஒரு மாளிகையை வரைந்து கொடுத்தார். அதனை 79,800 பவுணுக்கு எழுப்பித் தர ஒப்பந்தக்காரர் உடன்பட்டனர். கண்காட்சி முடிந்ததும் கட்டடப் பொருட்கள் ஒப்பந்தக்காரருக்கே சொந்தம் என்பது நிபந்தனை. அதனாலேயே விலை குறைந்தது. வாடகைக்குப் போதுமானதை விலைக்கு வாங்கலாகாது என்பது இதன் பாடம். நமது விழாவிலும் கதிரை எத்தனை, எத்தனை மணிக்கு வரும், முற்பணம் எவ்வளவு, மழை பெய்தால் யார் பொறுப்பு என்பனவற்றைக் கடதாசியில் எழுதிக் கையொப்பம் பெறவேண்டும். தெரிந்தவர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டால், பின்னர் பணமும் போகும், சிநேகமும் போகும்.

மூன்றாவது, நுழைவுச்சீட்டு. திறப்பு விழாவை அடுத்த இரு நாட்களும் ஒரு பவுண் வாங்கினார்கள். பின்னர் ஐந்து சிலிங். மே 26 ஆந் திகதி முதல் திங்கள் தொடக்கம் வியாழன்வரை ஒரு சிலிங். வெள்ளி இரண்டரை, சனி ஐந்து. வசதியுள்ளோர் சனிக்கிழமை வந்தனர். தொழிலாளரும் கிராமத்தவரும் ஒரு சிலிங் நாட்களில் வந்தனர். அந்நாட்களில் மட்டும் ஏறக்குறைய 44 இலட்சம் வருகைகள். ஏழையை வெளியே நிறுத்தாமலும் செலவைக் கைவிடாமலும் விலை குறிப்பது ஒரு தனித் திறமை. அதற்குத் தன் ஊரை அறிந்திருக்கவேண்டும்.

நான்காவது, வருவோரின் நலன். மேன்மாடங்கள் பாரந் தாங்குமோ என்று அறியத் திறப்புக்கு முன்னரே போர்வீரரை நெருங்கி அணிவகுத்து நடக்கச் செய்து சோதித்தனர். சிற்றுண்டி விற்கும் உரிமையை 5,500 பவுணுக்குக் குத்தகைக்கு விட்டனர். மதுபானம் கூடாது என்பது கட்டளை. ஒரு பென்னி கொடுத்து மலசலகூடத்தைப் பயன்படுத்தியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர். இதைச் சபையிற் சொல்வதா என்று நினைக்கவேண்டாம். ஐந்நூறு பேரை அழைத்துவிட்டு, முதியவர்களும் குழந்தையுடன் வந்த தாய்மாரும் எங்கே போவார்கள் என்று எண்ணாதவர் விழா நடத்தத் தகுதியற்றவர். குடிதண்ணீர், வெளியேறும் வழி, மின்கம்பியின் பத்திரம், முதலுதவி, ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி என்பனவெல்லாம் அவர் பட்டியலில் இருக்கவேண்டும்.

ஐந்தாவது, மிச்சம். எல்லாச் செலவும் போக ஏறக்குறைய 186,000 பவுண் எஞ்சியது. அதைக் கொண்டு தென் கென்சிங்ரனில் நிலம் வாங்கினர். இன்று அங்கே பெரும் நூதனசாலைகளும் இம்பீரியல் கல்லூரியும் நிற்கின்றன. 1891 இல் அந்நிதியிலிருந்து விஞ்ஞானப் புலமைப்பரிசில் தொடங்கிற்று. நியூசிலாந்துக் கிராமத்து இளைஞர் ஏர்ணஸ்ட் றதபோட் 1895 இல் கேம்பிரிட்ஜ் சென்றது அதன் உதவியால். இதற்கு மாறாக, 1976 இல் மொன்றியல் நகரம் நடத்திய ஒலிம்பிக் விழாவின் கடன் 2006 இலேதான் தீர்ந்தது. விழாவைக் கண்ட குழந்தைகள் பெரியவர்களாகியும் வரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்பர்களே, நமது விழாவில் இலட்சங்கள் புழங்காமலிருக்கலாம். ஆனால் அதைவிட அரியதொன்று புழங்குகின்றது. நாம் வீடு வீடாகச் சென்று பெறுவது ஊராரின் நம்பிக்கை. களவு செய்தவரால் மாத்திரம் சங்கங்கள் கெடுவதில்லை. நாணயமானவர் கணக்கு எழுதாமல் விடுவதாலும் கெடுகின்றன. பற்றுச்சீட்டு இல்லாவிடத்தில் நல்லவர்மீதும் சந்தேகம் விழும். அடுத்த வருடம் கதவு தட்டும்போது அக்கதவு திறவாது.

ஆகவே, இப்பொறுப்பை ஏற்கும் வாலிபருக்குச் சில வார்த்தைகள். சங்கப் பணமும் சொந்தப் பணமும் ஒரே சட்டைப்பையில் இருக்கலாகாது. கொடுத்ததையும் வாங்கியதையும் அன்றன்றே எழுதுங்கள். பணம் போதாதென்று தெரிந்தால் விழாவுக்கு முதல்நாள்வரை மறைக்காமல் உடனே சபைக்குச் சொல்லுங்கள். விழா முடிந்து ஒரு மாதத்துள் கணக்கை வாசித்து, அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். “இது நமக்குக் கட்டாது” என்று அவ்வாலிபர் சொல்லும்போது கோபிக்காதீர்கள். அப்படிச் சொல்லும் துணிவே அவரிடம் நாம் வேண்டும் முதற் தகைமை. வருடந்தோறும் அனுபவமுள்ள ஒருவருக்குக் கீழே ஓர் இளையவரைப் பழக்கிவாருங்கள். மேடைக்கு ஆள் கிடைப்பது எளிது; கணக்குப் புத்தகத்துக்கு ஆளை நாமே வளர்த்தெடுக்கவேண்டும்.