இறங்காத தீவு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேலை அனுபவத்தைப் பற்றிப் பேசு" என்றார்கள். பம்பையும் மோட்டாரையும் பற்றிப் பேசினால் பின்வரிசை தூங்கிவிடும். நானே பின்வரிசைக்காரன்தான். அதனால் பறவைகளைப் பற்றிப் பேசுகிறேன்.

2018 அக்டோபர் முதல் ஓராண்டு லட்சத்தீவின் தலைநகரான கவரத்தியில் குடிநீர்ப் பணியில் இருந்தேன். கொச்சியிலிருந்து சுமார் 400 கி.மீ. கப்பல் பயணம். தீவின் பரப்பு 4 சதுர கி.மீ. அளவுதான். சைக்கிளில் கிளம்பினால் கொஞ்ச நேரத்தில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். காய்கறி கப்பலில் வர வேண்டும். ஜூன் மாதம் மழை பிடித்து, கப்பல் தள்ளிப்போனால் தக்காளியைக் கண்ணால் பார்க்க முடியாது. சூரை மீனும் தேங்காயும்தான் சாப்பாடு.

பவளத்தீவில் மண்ணுக்கடியில் உப்புத் தண்ணீரின்மேல் நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. ஆசைப்பட்டு அதிகமாக இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். அங்கே நான் முதலில் கற்றது இதைத்தான்.

மாலையில் பொழுது போகவில்லை. ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு. கடலோரத்தில் சாம்பல் நிறக் கொக்கு ஒன்று, வெள்ளைக் கொக்கு ஒன்று. இரண்டு இனம் என்று நான்கு மாதம் தனித்தனி பத்தியில் கணக்கெழுதினேன். அப்புறம் கப்பலில் வந்த சலீம் அலி புத்தகத்தைப் பார்த்தால், இரண்டும் ஒரே இனம், நிறம்தான் வேறு! இஞ்சினியர் போட்ட கணக்கு. பத்திகளைச் சேர்த்துக் கூட்டினேன்.

நண்டு தின்னும் உள்ளான் என்று கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று உண்டு. அரபிக் கடலின் அக்கரையில் மணலில் வளை தோண்டி முட்டையிட்டுவிட்டு, இங்கே நண்டு பிடிக்க வரும். அதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் குரு ஒரு வயதான மீனவர். இக்கா என்று கூப்பிடுவேன். அவர் பேசும் ஜெசேரி பாதி புரியும், மீதியைக் கை சொல்லிவிடும். ஆலாக் கூட்டம் எங்கே வட்டமிடுகிறதோ, அதற்குக் கீழே சூரை இருக்கும் என்று படகைத் திருப்புவார். "பறவை இல்லைன்னா கடல்ல நாங்க குருடங்க, மோனே" என்பார்.

கவரத்தியிலிருந்து சுமார் 24 கி.மீ. தூரத்தில் பிட்டி என்றொரு மணல் திட்டு. 1.2 ஹெக்டேர்தான், மரம் கிடையாது. ஆலாக்கள் அங்கேதான் கூட்டமாகக் கூடு வைக்கின்றன. காங்கிரசைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹியூம் 1875-ல் இந்தத் தீவுகளுக்குப் பறவை பார்க்க வந்திருக்கிறார். நாமும் பிட்டியில் ஒரு காலாவது வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. மார்ச் மாதம் ஒருநாள் இக்காவின் படகு அந்தப் பக்கம் போனது. ஆயிரம் கத்தல்கள், தலைக்குமேல் கறுப்பு முதுகு ஆலாக்கள். "ஒரே ஒரு தடவை இறங்கிக்கிறேன் இக்கா" என்று கெஞ்சினேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தள்ளியே நின்றார்.

"முட்டை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இறங்கினாத்தான் தெரியும். அதனாலதான் இறங்கக்கூடாது."

சற்று நேரம் கழித்து அவரே சொன்னார்: "சின்ன வயசுல நானும் கூடை கூடையா அள்ளியிருக்கேன்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. படகிலிருந்தே பார்த்தேன். நோட்டில் எண்ணிக்கை எழுதவில்லை. "நிறைய" என்று மட்டும் எழுதினேன்.

பங்காரம் பவளத்திட்டைச் சேர்ந்த பரளி-1 என்ற குட்டித் தீவு அரிப்பில் முழுவதும் மறைந்துவிட்டதை 2017-ல் வெளியான ஆய்வு காட்டியது. பிட்டியும் மணல்தான். அதைக் காப்பாற்ற என்னிடம் எந்த டிசைனும் இல்லை. ஆனால் நம்மால் அது கெடாமல் இருக்க ஒரு மீனவருக்கு வழி தெரிந்திருந்தது.

தம்பி, தங்கைகளே, எங்கே வேலை கிடைத்தாலும் போங்கள். ஒரு நோட்டு எடுத்துப் போங்கள். தப்பாக எழுதினாலும் பரவாயில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம். எங்கே இறங்கக்கூடாது என்பதை மட்டும் அந்த ஊர்க்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.