மத்தியானம் மட்டும் ஆஃப் ஆகுற கம்ப்யூட்டர்

லினக்ஸ்ல நம்ம கம்ப்யூட்டரோட வெப்பநிலை, வோல்டேஜ் ரெண்டையும் எப்படிப் பாக்குறது, பாத்த நம்பரை எப்படிப் புரிஞ்சுக்கிறது? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

சிவகாசியில ஒரு ஆஃப்செட் அச்சகத்தை நினைச்சுக்கோங்க. ஆடி 18-க்கு அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியாகும், அதுக்கப்புறம் ஆர்டர் குவியும். அச்சான ஷீட்ல இருக்கிற ஈர மை அடுத்த ஷீட்ல ஒட்டாம இருக்க, மிஷின்ல நைஸான ஸ்டார்ச் பவுடர் தூவுவாங்க. அந்தப் பவுடரும் காகிதத் தூசியும் பக்கத்து ரூம்ல இருக்கிற டிசைன் கம்ப்யூட்டரோட ஃபேன்லயும் போய்ப் படியும். வெளியில விருதுநகர் மாவட்டத்து வெயில்.

இந்த கம்ப்யூட்டர் மத்தியானம் 2 மணிக்கு, பெரிய ஃபைல் ஓடும்போது பட்டுனு ஆஃப் ஆகுதுன்னு வைங்க. ஒருத்தர் எஸ்எம்பிஎஸ் போச்சும்பார். இன்னொருத்தர் மதர்போர்டையே மாத்தணும்பார். ரெண்டுமே செலவு. பணத்தைப் போடுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரையே கேட்டுரலாம்.

பட்டாசுத் தொழில் நடக்குற ஊருக்கு வெப்பத்தைப் பத்திச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருந்துக் கலவை வேலையை வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கப் பாப்பாங்க. சூடு ஏறுறப்பவே கவனிக்கணும்ங்கிற அந்தப் பழக்கம் டேபிளுக்கு அடியில இருக்கிற பெட்டிக்கும் பொருந்தும்.

முதல்ல எல்எம்-சென்சார்ஸ் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணுங்க. 'சூடோ சென்சார்ஸ்-டிடெக்ட்' ஓட்டினா, போர்டுல என்னென்ன சென்சார் சிப் இருக்குன்னு தேடும். கேள்வி கேக்கும்போது என்டர் தட்டிட்டே போனா போதும். அப்புறம் 'சென்சார்ஸ்'னு டைப் பண்ணுங்க. இன்டெல்னா கோர்டெம்ப், ஏஎம்டினா கே10டெம்ப்னு தலைப்புப் போட்டு டிகிரி காட்டும். பக்கத்துல 'கிரிட்'னு ஒரு எண் இருந்தா, அதுதான் ஆபத்து எல்லை. இன்டெல் சிப் பலதுல அது 100 டிகிரி.

அந்த எல்லையை நெருங்கினதும் சிபியு முதல்ல தன் வேகத்தைக் குறைச்சுக்கும். அப்பவும் சூடு அடங்கலைன்னா தன்னைக் காப்பாத்திக்க மொத்தமா ஆஃப் ஆயிரும். அதனால மத்தியானம் ஆனா கம்ப்யூட்டர் இழுக்குதுன்னு யாராவது சொன்னா, அதுவே ஒரு துப்பு.

இன்னைக்கு நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம் இதுதான்: ஒத்த நம்பரை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. ஃபேன் ரூம் காத்தை வச்சுத்தான் குளிர வைக்குது. காலையில ரூம் 28 டிகிரி, மத்தியானம் 38-ன்னா, சிபியுவும் கிட்டத்தட்ட 10 டிகிரி ஏறத்தான் செய்யும். அது கோளாறு இல்லை. ரூம் சூட்டைக் கழிச்சுட்டு மிச்சத்தைப் பாருங்க. அதே வேலைக்கு அந்த வித்தியாசம் மாசாமாசம் கூடிட்டே போனா, தூசி அடைச்சிருக்கலாம், இல்ல தெர்மல் பேஸ்ட் காஞ்சிருக்கலாம். ஆஃப் பண்ணி, ஃபேனைச் சுத்தாமப் பிடிச்சுக்கிட்டு, ப்ளோயர் அடிச்சுப் பாருங்க.

அடுத்தது வோல்டேஜ். 12 வோல்ட் லைன் 11.4-ல இருந்து 12.6 வரைக்கும் இருக்கலாம். 5 வோல்ட் லைன்னா 4.75-ல இருந்து 5.25. ஆனா சென்சார்ஸ்ல 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்துல 2 வோல்ட்னு வந்தா பதறாதீங்க. சென்சார் சிப்பால பெரிய வோல்டேஜை நேரடியா அளக்க முடியாது. போர்டுல ரெசிஸ்டர் வச்சுக் குறைச்சுத்தான் கொடுப்பாங்க. எவ்வளவு குறைச்சாங்கன்னு லினக்ஸுக்குத் தெரியாட்டி கணக்கு தப்பும். பயாஸ் திரையில காட்டுற எண்ணோட ஒப்பிடுங்க. சந்தேகம் தீரலைன்னா விஷயம் தெரிஞ்சவரை வச்சு மல்டிமீட்டர்ல பாத்துருங்க.

கடைசியா, பதிவு. நேரத்தையும் சென்சார்ஸ் தர்ற விவரத்தையும் ஒரு ஃபைல்ல சேக்குற ரெண்டு வரி ஸ்கிரிப்ட் எழுதி, க்ரான்ல நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட விடுங்க. அடுத்த தடவை ஆஃப் ஆனதும் அந்த ஃபைலோட கடைசி வரிகளைப் பாருங்க. 80, 90, 97-னு ஏறிப் போய் நின்னிருந்தா சூடு. சுத்தம் பண்ற வேலை. அமைதியா 60-ல நின்னிருந்தா சிபியு மேல பழி போடாதீங்க. எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், வயரிங் பக்கம் தேடுங்க. சுவர்ல வர்ற கரண்ட் ஏறி இறங்குறது இந்த சென்சார்ஸ்ல தெரியாது. யுபிஎஸ்ல யுஎஸ்பி இருந்தா, நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் வழியா அதையும் பதிவு பண்ணலாம்.

கம்ப்யூட்டர் நல்லா ஓடுற இன்னைக்கே இந்தப் பதிவை ஆரம்பிச்சிருங்க. நல்லா இருந்தப்போ எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான், கெட்டது எப்பன்னு கண்டுபிடிக்க முடியும். உங்க ஊர்ல மத்தியான ரீடிங் எவ்வளவு வருதுன்னு எழுதி அனுப்புங்க.